செவ்வாய்க் கதை முடிந்த வாரம்

பக்கத்து அறையில் என் மகள் தோழியோடு போனில் சண்டை போடுகிறாள். "காத்தே இல்லாத எடத்துல வெடிச்சா சத்தம் எப்படிடி கேக்கும்?" ஏதோ விண்வெளித் தொடராம். எனக்கு அம்மாவும் சித்தியும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எண்பதுகளில் மில் வேலை நின்றுபோன சமயம். அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டு, குருசுக்குப்பத்து வீட்டின் நடுவே கிணற்றடி வரை சுவர் எழுப்பினார்கள். அதோடு அம்மாவும் சித்தியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாரப் பத்திரிகை மட்டும் முன்போலவே ஒன்றுதான் வந்தது. செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றி அதில் ஒரு தொடர்கதை. அம்மா படித்ததும் பத்திரிகையைச் சுவர்மேல் வைத்துவிடுவாள்.

ஒருநாள் அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல் கேட்டது. "அங்க தண்ணியே இல்லியாம். அப்புறம் எப்படி தலைக்கு ஊத்திக்கிட்டா?"

அம்மா துணி துவைத்தபடியே, "பனிய உருக்குனாளே, போன வாரம் வந்துச்சே" என்றாள்.

பிறகு வாராவாரம் வாக்குவாதம்தான். வீட்டு விஷயம் ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் அன்றைக்கு மட்டும் அம்மா முகம் தெளிந்திருக்கும்.

கடைசி வாரம் அந்தப் பெண் பூமிக்கு வந்துவிட்டாள்.

"வந்துருவான்னு நான் சொன்னேன்ல, அக்கா" என்றாள் சித்தி. சுவர் வந்த பிறகு அவள் அக்கா என்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம், சொத்துக்காகப் பிரிந்த அண்ணன் தம்பி கதை தொடங்கியது. அம்மா பத்திரிகையை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். சித்தி எடுத்துப் போனாள். வெகுநேரம் கழித்து அம்மா, "இந்தக் கதைல வர்றதெல்லாம் நெசமா நடக்கிறதுதான், எப்படின்னு கேக்க ஒண்ணுமில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.