வெற்றுத்தாளாய் இருந்த வலப்பக்கம்

காலை ஏழு மணிக்குப் பல்லடத்தில் தனியார் பேருந்து ஏறினேன். திருப்பூருக்குப் பதினைந்து கிலோமீட்டர்; கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். பையில் கேமரா, ஃபிலிம் சுருள், அளவு நாடா, சென்னையில் நாங்கள் தயாரித்துவந்த கட்டடக்கலைப் படநூலின் மாதிரிப் பிரதி. அதில் ஓர் இடப்பக்கத்தில் குஜராத்துப் படிக்கிணறு. எதிரே, வலப்பக்கம் வெற்றுத்தாள். அதைத் திருப்பூருக்குக் கேட்டு வாங்கியிருந்தேன்.

"கோயிலோ அரண்மனையோ இல்லாத ஊரில் எதை எடுப்பாய்?" என்றார் ஆசிரியர். இன்று எடுக்காவிட்டால் பக்கம் வேறு ஊருக்குப் போய்விடும். நான் பல்லடத்துக்காரி. எதை எடுப்பதென்று எனக்குத் தெரியும். நொய்யல் ஆற்றுக்கு இப்பால், பல்லடம் சாலையோரம் ஒரு சலவைப் பட்டறை. அதன் பின்னால் ஒரு காடு (எங்கள் பக்கத்தில் மேட்டு நிலத்துக்கு அதுதான் பெயர்) முழுக்க நட்ட கல்கால்கள், இடையே கட்டிய கயிறுகள், அவற்றில் வரிசை வரிசையாக வெளுத்த பனியன் துணி. பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்தது.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறுகள் வெறுமையாக இருந்தன. காடு பெருக்கப்பட்டிருந்தது. நடுவே புது வெள்ளைச் சட்டையில் முதலாளி பழனிச்சாமி.

"துணியெல்லாம் எங்கீங்க?"

"கொட்டகைக்குள்ள அள்ளிப் போட்டாச்சுங்க அம்மணி. புஸ்தகத்துல வருதுன்னு போன்ல சொன்னீங்கல்ல, எடம் சுத்தமா இருக்க வேண்டாமுங்களா?"

கொட்டகை வாசலில், காயப்போடும் பெண்களுக்குத் தலைவியான சரஸ்வதி நின்றிருந்தார். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பொண்ணையே ஒளிச்சு வெச்சுட்டாருங்க எங்க மொதலாளி" என்றார். உள்ளே சிரிப்பு. "ஈரத்துணி குமிஞ்சு கெடக்குது. கறை புடிச்சா யாருங்க பதில் சொல்றது?"

மாதிரிப் பிரதியை விரித்துக் காட்டினேன். முதலாளி படிக்கிணற்றை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல சனம் குளிக்குது, துணி தொவைக்குது. அப்படியே போட்டுட்டீங்களே?"

"கெணறு அதுக்குத்தானுங்க."

வெற்றுப்பக்கத்தைத் தடவினார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "சரசு, எல்லாத்தையும் கயித்துல எடுத்துப் போடுங்க" என்றார்.

நண்பகலுக்குள் காடு வெளுத்துவிட்டது. உச்சி வெயிலில் நிழலே இல்லை, காத்திருந்தேன். அவர்களோடு சாப்பிட்டேன். நாடாவால் அளந்ததில் கல்கால்கள் எல்லாம் ஒரே உயரம். எனக்குக் கையைத் தூக்கினால் கயிறு எட்டியது.

"மொதலாளி அவரு உசரத்துக்கு நட்டு வெச்சிருந்தாருங்க" என்றார் சரஸ்வதி. "நாங்க புடுங்கி, எங்க கைக்கு எட்டறாப்பல நட்டமுங்க."

நான்கு மணிக்குக் கற்களின் நிழல் துணிமேல் சாய்ந்தது. வெள்ளைச் சந்துகளுக்குள் பெண்கள் நடந்தார்கள். எடுத்தேன்.

கிளம்பும்போது, அந்தப் பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"எம் பேருங்க?" என்றார் முதலாளி.

"இடம் தந்தவர்னு தனியா போடறேனுங்க."

"சட்டையாவது படத்துல உளுந்துதுங்களா?"

"அந்த வெள்ளைல எங்கீங்க தெரியப்போவுது?" என்றார் சரஸ்வதி.

ஐந்தரைக்குப் பல்லடம் பேருந்து. சன்னலோரம் இடம் கிடைத்தது. சாலை வளைவில் அந்தக் காடு மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நூலில் ஒவ்வொரு படத்தின் கீழும் வடிவமைத்தவர் பெயர் இருக்கும். படிக்கிணற்றுக்குக் கீழே 'பெயர் தெரியவில்லை' என்று அச்சானது. எதிர்ப்பக்கத்தில்: சரஸ்வதி, மாராத்தாள், பொன்னம்மாள், ரோஸ்மேரி. திருப்பூர்.