வள்ளியூருக்குப் புற்றுக்காளான் தேடிப் போன கதை

சென்னையில் எங்கள் குளியலறைச் சுவர், தோல் பெல்ட், ஊறுகாய் ஜாடி என்று பூஞ்சை கேட்காமலே வந்து உட்காரும். அதைத் தேடி இந்த ஐப்பசியில் நான் பயணம் போனதற்குக் காரணம் என் மனைவி செல்வி. வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து தச்சநல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வாசலைத் தாண்டுவதில்லை. வாராவாரம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்தச் சனிக்கிழமை விடியலில் அவளாகவே, "ராத்திரி இடி இடிச்சுல்லா, புத்துக்காளான் தின்னணும் போல இருக்கு" என்றாள். மாதக்கணக்கில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆறு மணிக்கு நாகர்கோவில் பேருந்து. வள்ளியூர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ.

"பாக்கெட் காளான் கடையில கெடக்கே அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"கேட்டவ கேட்டது வேற" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை மண்பாதையில் விட்டார்.

இந்தக் காளானை யாரும் விதைக்க முடியாது. கறையான் புற்றுக்குள் தனக்கென்று பூஞ்சையை வளர்க்கும். மழைக்குப் பின் அது வெளியே வந்து குடை விரிக்கும். மறுநாளே கறுத்துவிடும்.

வழியில் எல்லாப் புற்றிலும் பறித்து முடித்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒன்றில் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மஞ்சள் துணி சுற்றிய நாகம்மன் புற்று. கிளையெல்லாம் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். என் கை தானாக நீண்டது.

"தொட்டுராதீய!" என்றார் விளக்குப் போட வந்த பெண். "அம்மன் புத்துல மொளச்சத நாங்க பறிக்க மாட்டோம்."

பிள்ளையையும் தரவில்லை, காளானையும் தரவில்லை என்று பேருந்தில் வழிநெடுக அம்மனோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன்.

"நெசமாவே அங்கன அவ்வளவு பூத்திருக்கா?" என்றாள். பிறகு, "என்னையும் கூட்டிட்டுப் போறியளா?" என்றாள்.

மறுநாள் அதே பேருந்து, அதே ஆட்டோ. குடைகள் கறுத்துச் சரிந்து கிடந்தன. செல்வி தொட்டில்களைப் பார்த்து அழுதாள். நானும்தான்.

போகிறவர்களுக்கு: இடி இடித்த மறுநாள் முதல் பேருந்தைப் பிடியுங்கள். ஊர்க்காரர் துணையில்லாமல் எந்தக் காளானையும் பறிக்காதீர்கள். ஆசைப்பட்டவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

திரும்பி ஆட்டோவில் ஏறும்போது செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் கேட்டாள்: "அடுத்த இடி எப்ப அண்ணாச்சி இடிக்கும்?"

அன்று மாலைக்கான சென்னை ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.