இன்சூரன்ஸ் மேஜை டாக்டரம்மா

“பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் வேணுமே தம்பி” என்று சொல்லி, பாலிசி எடுக்க வந்த பெரியவரின் மகனை வாசல்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, டாக்டரம்மா விடுவிடுவென்று மேஜைக்குத் திரும்பினார். ஜெராக்ஸ் மெஷின் அலுவலகத்திலேயே இருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, ‘ரிப்பேர்’ என்று எழுதிய அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறார். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்ப ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷம்தான் அவருக்கு வேண்டும்.

“இப்ப சொல்லுங்கப்பா. சர்க்கரை இருக்கா?”

பெரியவர் வாசலை ஒரு பார்வை பார்த்தார். “கொஞ்சம்.”

“கொஞ்சம்னா? மாத்திரையா, ஊசியா?”

“ஊசி. பையனுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவான்.”

“நான் இதுல எழுதிடறேன். பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. பிளேன் ஏறறதுக்குள்ள சொல்லணும். சொன்னீங்களான்னு போன் பண்ணிக் கேப்பேன்.”

கேட்கவும் செய்வார். இரண்டு முறை கேட்டும் மழுப்பினால் மூன்றாவது முறையும் கேட்பார்.

டிராவல்ஸ் அலுவலகத்தில் அவரை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். படித்தது வணிகவியல். வெளிநாடு போகிறவர்களுக்குப் பயண இன்சூரன்ஸ் போட்டுத் தரும் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். இருக்கிறார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அவர் நின்றபடியே எழுதுவார், நடந்தபடியே கேட்பார். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு பேனாவைத் தேடுவார். ஒரு விண்ணப்பம் முடிவதற்குள் மேஜையை ஆறேழு முறை சுற்றிவிடுவார்.

“இன்சூரன்ஸ் விக்கச் சொன்னா நாடி பிடிச்சுப் பாக்கறீங்களேம்மா” என்று முதலாளி குத்திக்காட்டுவார்.

“நாடி பிடிக்கத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் சார் நிக்கறேன்?”

அவருக்குப் பொறுக்காத மனிதர்கள் சிலர் உண்டு. ஒருவர், விமானத்தில் பெட்டி வராமல் போனதற்கு ஆதாரமாக, காலியாகச் சுற்றும் பெல்ட்டைப் படமெடுத்து வந்து காட்டினார். “பெட்டி வரலன்னு ஏர்போர்ட்டுக்குள்ளேயே எழுதி வாங்கணும் சார். வாங்காம வெளிய வந்துட்டா, பெட்டியோட வந்தவர்னுதான் அர்த்தம். இந்தப் படத்துல பெல்ட்டுதான் இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?” இன்னொருவர் வெளிநாட்டில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்து, வீட்டுக்கு வந்து, பதினோராம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அந்த எண்ணைக் கண்ணெதிரே போனில் பதிவு செய்துகொள்ளாத எவரையும் மேஜையை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. “எந்தப் பேர்ல வேணா போட்டுக்குங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே கூப்பிடுங்க.” ஒருவர் அதை ‘டாக்டரம்மா தொல்லை’ என்று பதிந்துகொண்டார். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “எழுத்துப்பிழை இல்ல. போய்ட்டு வாங்க” என்றார்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அவருடைய அக்கா வந்தாள். அறுபத்தொரு வயது. திங்கட்கிழமை விமானம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இது எட்டாம் மாதம். பிரசவத்துக்குத் துணையாகப் போகிறாள்.

“பாரு, உனக்கு வேலையே வைக்காம என் பொண்ணே போன்ல இன்சூரன்ஸ் போட்டு அனுப்பிட்டா. மூணே நிமிஷமாம்.” அக்கா அச்செடுத்து வந்த தாளை நீட்டினாள்.

டாக்டரம்மா வாங்கிப் படித்தார். நடை சுருங்கியது. பாலிசி தொடங்கும் தேதியாக மகள் போட்டிருந்தது, அம்மா அங்கே வந்து இறங்கும் தேதி. “நீ இங்க கிளம்பறது முந்தின நாள். நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல பதினோரு மணி நேரம் காத்துக் கிடக்கப்போற. அத்தனை நேரமும் உனக்கு இன்சூரன்ஸே கிடையாது.”

“அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது?”

டாக்டரம்மா அடுத்த வரிக்குப் போயிருந்தார். ஏற்கெனவே உள்ள நோய்கள்: எதுவும் இல்லை.

பதினாறு மாதத்துக்கு முன் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. இரவோடு இரவாகச் சேர்த்து, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டது தங்கைதான். மகள் அப்போது மூன்று மாதக் கருவை இழந்து படுத்த படுக்கையாக இருந்தாள். “அவகிட்ட மூச்சு விடாத” என்று அக்கா சத்தியம் வாங்கினாள். அக்காவும் தங்கையும் ஊர் சுற்றப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தார்கள். மகள் வீடியோவில் கூப்பிட்டபோது கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையைக் காட்டி, ஓட்டல் ரூம் என்று சொன்னது டாக்டரம்மாதான். அன்றிலிருந்து அவர் ஒரு முறைகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னாயா என்று.

“அக்கா, இது செல்லாது.”

“உன் கேள்வியெல்லாம் கஸ்டமரோட வச்சுக்க. எனக்கு வேணாம்.”

“ஏதாவது ஆச்சுன்னா முதல்ல பழைய ரிப்போர்ட்டைத்தான் தோண்டுவாங்க. மறைச்சிட்டீங்கன்னு ஒரே வரியில கையைக் கழுவிடுவாங்க.”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “சரி, இதைத் தூக்கிப் போடு. நீயே புதுசா ஒண்ணு போடு. ஸ்டென்ட்டு, மாத்திரை, எல்லாம் எழுதிக்க. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்.”

டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. இதய நோய் உள்ளவர் என்றால் கம்பெனி மருத்துவக் குறிப்பைப் பார்த்து ஒப்புக்கொள்ள இரண்டு வேலை நாள் எடுத்துக்கொள்ளும். வியாழன், வெள்ளி. ஐந்து மணிக்குள் அனுப்பிவிட்டால் போதும். அவர் விண்ணப்பத்தை இழுத்துப் போட்டுப் பரபரவென்று எழுதினார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதி. ஸ்டென்ட் வைத்த மாதம், ஆஸ்பத்திரி, நான்கு மாத்திரைகளின் பெயர். எதற்கும் அக்காவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ‘அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்.’ மகளின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டதும் கை நின்றுவிட்டது.

“அக்கா, அங்க நீ மயங்கி விழுந்தா டாக்டர் யாரைக் கேப்பாரு?”

“அவளைத்தான்.”

“அவ என்ன சொல்லுவா?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“‘எங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்’னு சொல்லுவா. மனசார நம்பிச் சொல்லுவா.”

“எட்டு மாசம்டி அவளுக்கு! இப்பவா சொல்றது? போன தடவை பட்டது போதாதா?”

“போன தடவை ஆனதுக்கு நீ காரணமில்ல.”

“அவ வர வேணாம்னு சொல்லிட்டான்னா?”

“சொல்லலாம்.”

“சொல்லலாமா? அப்ப அவளை யாரு பாத்துக்கறது? நீ போவியா?”

டாக்டரம்மா ஜன்னல் வரை போனார், வந்தார். மறுபடி போனார். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே தலையை நீட்டி “அம்மா, என் விசா...” என்று ஆரம்பித்தார். “அஞ்சு மணிக்கு மேல வாங்க” என்று அவரைப் பார்க்காமலே அனுப்பினார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. நான்காவது முறை ஜன்னலிலிருந்து திரும்பியபோது தன் போனை எடுத்து, மகளின் எண்ணை அழுத்தி, அக்காவின் கையில் திணித்தார்.

“நீயே பேசேன். உனக்குத்தான் வாய் இருக்கு” என்று அக்கா கெஞ்சினாள். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள். திரையில் மகள், கலைந்த தலையும் பெரிய வயிறுமாக. “என்ன சித்தி, இந்நேரத்துல? அட, அம்மாவா! பெட்டி கட்டியாச்சா?”

“ஆச்சு, ஆச்சு. நீ உக்காந்திருக்கியா?”

“உக்காந்துதான் இருக்கேன். ஏம்மா?”

“ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னா... போன வருஷம் நானும் சித்தியும் ஊர் சுத்தப் போறோம்னு சொன்னோமே. அது ஊர் சுத்த இல்லம்மா.”

“பின்ன எங்க போனீங்க?”

அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்துத் தங்கையைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசும் தங்கையின் நாக்கு நுனிவரை வந்து நின்றிருந்தது. உதடும் பிரிந்துவிட்டது. டாக்டரம்மா வலது உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.