பதினெட்டாவது சால்வை

எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மாணவர்களுக்கும் பரிசு கொடுப்பதுண்டு. நேரம் மிஞ்சினால்.

இதை ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அதிபர் என்னை முறைத்துப் பார்த்தார். முறைக்கட்டும். இருபது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு விழாவில் யாருக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று கூட்டிப் பார்க்க எனக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை. வரவேற்புரை, தலைமையுரை, அதிதிகள் உரை, அந்த உரைகளைப் புகழ்ந்து இன்னோர் உரை. இவற்றுக்கு நடுவில் சால்வை. கல்முனைப் பக்கத்தில் ஒரு மனிதர் மேடை ஏறிவிட்டால் தோளில் பொன்னாடையும் கையில் ஷீல்டும் இல்லாமல் அவரைக் கீழே இறக்குவது பெரிய மரியாதைக் குறைவு. வழி கேட்டு உள்ளே வருபவர்கூடக் கவனமாக இருக்க வேண்டும், போர்த்திவிடுவார்கள்.

அந்த வருடம் என் தலையில் இரண்டு வேலைகளைக் கட்டினார்கள். சால்வை வாங்குவது ஒன்று. விழாவன்று மேடையோரத்தில் ஷீல்ட் மேசையைக் காவல் காப்பது மற்றது. "கணக்கு டீச்சர்தானே, பிழையில்லாம எண்ணுவா" என்றார் அதிபர். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன். எனக்கு அதில் ஒரு சொந்தக் காரியம் இருந்தது.

அந்தக் காரியம், என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை. பதினோராம் தரத்தில் கணிதத்துக்கு முதலாமிடம் அவளுக்குத்தான். மெலிந்த, வாய் திறக்காத பிள்ளை. நான் கரும்பலகையில் பிழை விட்டால் கை உயர்த்தமாட்டாள். தொண்டையை மட்டும் செருமுவாள். அந்தச் செருமல் கேட்டால் நான் உடனே கரும்பலகைப் பக்கம் கிறுகி என் கணக்கை முதலாம் வரியிலிருந்து பார்ப்பேன். ஒரு நாளும் அவள் சும்மா செருமியதில்லை.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவும் வந்துவிட்டது. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போக அவளுக்கு ஆசை. எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை, அடுத்த ஊருக்குப் போக வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் வாப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. திங்கட்கிழமை கடைசி நாள். அந்தப் படிவத்தை அவளிடமிருந்து வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் சால்வை வாங்கப் போனேன். ஏனென்றால் சந்தைப் பக்கத்தில் பொன்னாடை விற்கும் புடவைக் கடைக்காரர்தான் அவளுடைய வாப்பா.

"வாங்க டீச்சர். எத்தின வேணும்?"

"பதினேழு."

"பதினெட்டாக் கொண்டு போங்க. கூப்பிடாம ஒராள் வருவாரு. எந்த விழாவுக்கும் வருவாரு."

பதினேழும் சிவப்புக் கரை. பதினெட்டாவதாக, அடித்தட்டில் கிடந்த ஒரு பச்சைக் கரைச் சால்வையை இழுத்தெடுத்து மேலே போட்டார். அதன் ஒரு மூலையில் சரிகை நூல் விட்டுத் தொங்கியது.

"இதச் சும்மா வெச்சுக்கங்க. நூல் விட்டிரிக்கி, ஆரு பாக்கப் போற? போத்தி ரெண்டு நிமிசத்தில கழட்டத்தானே போறாங்க. ஒருக்காக் கழுவினாச் சாயமும் நிக்காது." தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிளேன்டி வந்தது. குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"டீச்சர், கோவிக்காதீங்க. பொம்புளப் புள்ள கணக்குப் படிச்சு என்ன செய்யப் போகுது?"

பதினெட்டுச் சால்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற கணக்கு டீச்சரும் ஒரு பொம்பிளைதான் என்பது அவருக்கு ஓடவில்லை.

"என்னப் பாத்தா உங்களுக்கு என்ன மாதிரித் தெரியுது?" என்று கேட்டேன்.

"நீங்க டீச்சர்தானே," என்றார், மிகுந்த மரியாதையோடு.

பிறகு தன் நியாயத்தைச் சொன்னார். அடுத்த ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். பின்னேரம் டியூஷன். வீட்டுக்கு வரப் பொழுது பட்டு மஹ்ரிப் தொழுகை நேரமாகிவிடும். "ஊரு வாய மூட ஏலுமா டீச்சர்? ஆர்ட்ஸ் செய்யட்டும், இஞ்சயே படிக்கட்டும்."

"உங்கட மகள் லேசான புள்ள இல்ல. நான் படிப்பிச்ச புள்ளகளில இவதான் கெட்டிக்காரி," என்றேன்.

"நீங்க மெச்சுவீங்க, உங்கட புள்ள. ஊரு மெச்சுதா பாப்பம். சனிக்கிழமை நாலு பேருக்கு முன்னால மேடைக்குக் கூப்பிட்டு அந்த ஷீல்டக் குடுக்கட்டும். நானும் வாறன். மறுகாக் கதைப்பம்."

ஊர், ஊர், ஊர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊரைப் பிடித்துக் கடலில் தள்ளியிருப்பேன். ஆனால் மனிதர் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை விழா மூன்றரை மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டரைக்கே சீருடையோடு வந்து வெயிலில் வரிசையாக நின்றார்கள். பிரதம அதிதி ஐந்து மணிக்கு வந்தார். வாசலிலிருந்து மேடைவரை பேண்ட் அடித்துக் கூட்டி வந்தோம். குர்ஆனிலிருந்து கிராஅத், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், பிறகு சால்வை. அறிவிப்பு எங்கள் தமிழ் சேர். காரைதீவிலிருந்து வருகிறவர், தங்கமான மனிதர். மைக்கைக் கண்டால் மட்டும் அவருக்கு ஏதோ ஏறிவிடும். ஒவ்வொரு அதிதிக்கும் ஒரு நீண்ட புகழுரை, கடைசியில் "பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுகின்றார்" என்று இழுப்பார். அந்தக் கடைசிச் சொல்லுக்குச் சபை தன்பாட்டில் கை தட்டும். பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டிருப்பவரும் கதையை நிறுத்தாமலே தட்டுவார்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஆறாம் தரம் முதலில், பதினோராம் தரம் கடைசி, அதிலும் கணிதம் கடைசி. அவள் என்னிடம் மெதுவாக வந்தாள்.

"டீச்சர், ஒரு சால்வைக்கு ரெண்டு நிமிசம் போகுது. பதினேழு பேர். நாலு பேர் பேசணும். என்ட முறை வரக்கொள்ள மஹ்ரிப் பாங்கு சொல்ல மூணு நிமிசம்தான் இரிக்கும்."

பாங்கு கேட்டால் எல்லோரும் தொழப் போய்விடுவார்கள், விழா அவ்வளவுதான். "கூட ஒராள் வந்தா?"

"ஒரு நிமிசம்தான்."

மேசையில் ஷீல்டுகள் தரவாரியாக நின்றன. அவளுடைய ஷீல்டை மட்டும் நான் வரிசையிலிருந்து எடுத்து, மேசையின் மறு ஓரத்தில் தனியாக வைத்திருந்தேன். அவசரத்தில் கை மாறிவிடக் கூடாது என்ற கவனம். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் செய்த மடத்தனம் வேறில்லை.

பதினேழாவது சால்வை முடிய, வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. கூப்பிடாத ஆள் வந்துவிட்டார். உடுப்பும் நடையும் பெரிய மனிதர்தான் என்று சொல்லின. எதில் பெரியவர் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதிபர் கதிரையிலிருந்து பாய்ந்து எழும்பினார். பச்சைக் கரைச் சால்வை போனது. பிரதி அதிபர் என் மேசைக்கு ஓடி வந்தார். நான் ஆறாம் தரத்தின் சான்றிதழ்களை எடுக்க மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். தனியாக நின்ற ஷீல்டைக் கண்டு, அட, டீச்சர் மேலதிகமாக ஒன்று வைத்திருக்கிறா என்று அவர் நினைத்திருக்கிறார். நான் நிமிர்ந்தபோது மேடையில் பெரிய மனிதர் ஒரு ஷீல்டை நெஞ்சோடு அணைத்துப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒன்று தேடிப் பிடித்துவிட்டார்கள் போல, கெட்டிக்காரர்கள் என்று நான் நினைத்தேன்.

அவர் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. வேறு ஒரு விழா இருக்கிறதாம். போகும்போது சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஷீல்டை மட்டும் கொண்டு போனார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய டிரைவர் அதைப் பழைய பேப்பரில் சுற்றிப் பாடசாலை வாசலில் கொண்டு வந்து தந்தார். 'தரம் பதினொன்று, கணிதம், முதலாமிடம்' என்று எழுதியிருப்பதை அவருடைய வீட்டில் யாரோ வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. உரைகள் முடிய, பரிசுகள் ஓட்டமாக ஓடின. பிள்ளை வரும், வாங்கும், படம் எடுக்க நிற்பதற்குள் அடுத்த பிள்ளை வந்து இடிக்கும். பதினோராம் தரம். விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ். தமிழ் சேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே அவளுடைய பெயரை வாசித்தார். அவள் சொன்ன கணக்குச் சரி, பாங்குக்கு ஒரு நிமிடம் இருந்தது.

அவள் மேடைக்கு வந்தாள். நான் மேசையின் மறு ஓரத்துக்குக் கையை நீட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை.

"சேர்ட்டிபிகேட்டக் குடுங்க டீச்சர்," என்றார் அதிபர் பல்லுக்குள்ளால். பதினோராம் தரச் சான்றிதழ்கள் இன்னும் கையெழுத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அது அவருக்கும் தெரியும். பிரதி அதிபர் மேடை விரிப்பில் ஏதோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே, ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில், அவளுடைய வாப்பா எழும்பி நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தார். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற உம்மாவுக்குக் காட்ட வீடியோ எடுக்கிறார். தன் மகளுக்கு ஊர் ஒன்றுமே கொடுக்காமல் நிற்பதை மனிதர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது அந்தக் கோபம். பக்கத்தில் காலியாகக் கிடந்த கதிரையில் பச்சைக் கரைச் சால்வை கிடந்தது. எடுத்தேன். உதறினேன். அவளுடைய வெள்ளைச் சீருடைக்கும் பர்தாவுக்கும் மேலால், இரண்டு தோளையும் சுற்றி, அதிபருக்குப் போர்த்துவதை விட வடிவாகப் போர்த்தினேன். எங்கள் மேடையில் ஒரு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி நான் கண்டதில்லை. ஒரு பொம்பிளைக்குப் போர்த்தியும் கண்டதில்லை. பெண் அதிதி வந்தால் சால்வையை மடித்துக் கையில்தான் கொடுப்போம்.

சால்வையைக் கண்டதும் தமிழ் சேருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "கணிதத்தில் முதலாமிடம் பெற்ற எமது மாணவி, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுகின்றார்!" சபைக்கும் கை தானாக எழும்பியது. தட்டத் தொடங்கிய பிறகுதான் போர்த்தியிருப்பது யாருக்கு என்று பார்த்தார்கள். பார்த்த பிறகு தட்டினார்களே, அதுதான் தட்டல். பெண்கள் பக்கத்தில் யாரோ எழும்பினார்கள், பிறகு வரிசை வரிசையாக எழும்பினார்கள். பிரதம அதிதியும், எதற்கென்று தெரியாமல், எழும்பி நின்று தட்டினார். அதிபர் என்ன செய்வார், பாவம், அவரும் தட்டினார்.

அந்தத் தட்டலுக்குள்ளேயே பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. எல்லாம் அடங்கியது.

தொழுகை முடிந்து வந்தபோது மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னோடு நின்றாள், தோளில் சால்வையோடு. வாப்பா தொப்பியைக் கழற்றாமல் நேராக எங்களிடம் வந்தார். ஷீல்ட் எங்கே என்று கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. சால்வையின் கரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, கடையில் துணி பார்ப்பதுபோல் உரசிப் பார்த்தார். நூல் விட்ட மூலை கையில் வந்தது.

"இது நான் சும்மா தந்த சால்வ," என்றார்.

"ஓம்," என்றேன்.

விட்ட நூலை விரலில் சுற்றினார். "எத்தின வருசமா விக்கிறன் டீச்சர். யார் யாருக்கோ மடிச்சுக் குடுத்திரிக்கன். இதில ஒண்டு நம்மட வீட்டுக்கு வரும் எண்டு நினைக்கவே இல்ல." தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அந்த ஃபோமக் கொண்டந்தீங்களா?" என்று கொஞ்சம் அதட்டலாகக் கேட்டார்.

கைப்பையைத் திறந்து எடுத்து நீட்டினேன். பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கதிரை ஆடியதால் கையெழுத்தும் கோணலாகத்தான் விழுந்தது. நான் ஊதிக் காய வைத்து உள்ளே வைத்தேன். மனிதருக்கு மனம் மாறிவிடக் கூடாது பாருங்கள்.

வாசலில் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவள் சால்வையைக் கழற்றப் போனாள். சரிகை கழுத்தில் குத்துகிறதாம்.

"கழட்டாத மகள்," என்றார் வாப்பா. "கிடக்கட்டும்."

அவர்களுடைய வீடு பாடசாலைக்குப் பின்னால், இரண்டாவது ஒழுங்கையில். நடந்தே போகலாம். மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சந்தைப் பக்கமாகத் திரும்பி, ஆள் நிறைந்த பிரதான வீதியில், சைக்கிளை விட மெதுவாகப் போனது.