என் வீட்டுச் சுவரில் ஒரு துரை

என் வூட்டுக்காரரு செத்து மொதல் திதி வந்தப்போ, படையல் போட வூட்டுல அவரு படம் ஒண்ணுகூட இல்ல. ஜோலார்பேட்டையில இஞ்சினுக்குக் கரி தள்ளுற மனுஷனை எவன் கூப்பிட்டு வெச்சுப் போட்டோ புடிப்பான்? பிள்ளை குட்டியும் இல்ல, அவரு ஜாடைன்னு பார்த்துக்க. முகம் மறந்துடுமோன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு.

ஆம்பூர்ல தோல் வியாபாரம் பண்ண துரை ஒருத்தரு சீமைக்குக் கெளம்பினப்போ, அவரு வூட்டுச் சாமானை ஏலம் போட்டாங்க. அதுல வந்த பழைய படம் ஒண்ணு சந்தையில கெடந்தது. கல்லுல வரைஞ்சு அச்சு எடுத்ததுன்னு கடைக்காரன் சொன்னான். யாரோ ஒரு துரை. கறுப்புக் கோட்டு, கழுத்தை இறுக்கின துணி, புஸ்தகத்து மேல ஒரு கை. மீசை மட்டும் என் வூட்டுக்காரரு மீசையேதான். வாங்கியாந்து, கீழ இருந்த இங்கிலீஷ் பேரை மடிச்சுச் சட்டத்துக்குள்ள தள்ளிட்டு, நெத்தியில குங்குமம் வெச்சேன்.

பக்கத்து வூட்டு பீபி எட்டிப் பார்த்துட்டு, "இன்னாக்கா, மாமா கோட்டு எப்போ தச்சாரு?"ன்னா.

"போடி, பேஜார் பண்ணாதே!"

ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ போன பிறகு வூடு வெறிச்சுன்னு கெடந்தது.

பேச எனக்கு வேற யாரு? சோத்துக்கு ஒலை வெச்சுட்டு அந்தத் துரைகிட்டதான் பேசுவேன். பார்த்துப் பார்த்து அந்த முகம் மனப்பாடம் ஆயிடுச்சு. கிட்டப் போனா வெறும் கரிப்புள்ளி. தள்ளி நின்னா கன்னத்துல சதை தெரியும். ஒரு புருவம் கொஞ்சம் தூக்கல். விரல்ல அழுக்கே கெடையாது. கண்ணு மட்டும் என்னைப் பார்க்காது, எனக்குப் பின்னால யாரையோ பார்க்கும். "இந்தப் பக்கம் பாருய்யா, நானும் மனுஷிதானே!"ன்னு ஒருநாள் கத்திக்கூட இருக்கேன்.

வருஷங்க ஓடிப்போச்சு. அவரோட வேலை பார்த்த தோஸ்த் ஒருத்தரு ஒருநாள் வந்தாரு. ஷெட்டுல கும்பலா எடுத்த போட்டோ ஒண்ணு பெட்டியில கெடைச்சுதாம். "அண்ணி, அண்ணன் இதுல இருக்காரு"ன்னு சந்தோஷமா நீட்டினாரு.

வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன். இஞ்சின் முன்னால வரிசையா கரி அப்பின முகங்க, எல்லார்க்கும் மீசை. தூக்கின புருவத்தைத் தேடினேன். அப்புறம் ஒருத்தரைத் தொட்டு, "இவருதான்"னேன்.

வந்தவரு குனிஞ்சு என் விரல் நின்ன எடத்தைப் பார்த்தாரு.

"அது நான், அண்ணி."

போட்டோவுல தனக்குப் பக்கத்துல நின்னவரைக் காட்டினாரு. அந்த மனுஷன் நேரா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.