மணி இல்லாத மாதா கோயில்

ஒரு மாதா கோயிலின் வரலாற்றை எழுதச் சொல்லி என்னைக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து நெய்வேலியிலேயே தங்கிவிட்டவன் நான். தினமும் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன். கேட்டவர், சுரங்கத்தில் மண் அள்ளிப்போகும் பெல்ட் பிரிவில் பல வருடம் என்னோடு வேலை பார்த்த நண்பர். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம்.

"திருவிழாவுக்குப் பழைய கதையெல்லாம் ஒரு சின்ன புஸ்தகமா போடணும்னு பங்குசாமி சொல்லிகினு இருக்காரு. நீங்கதான் நல்லா எழுதுவீங்கண்ணே" என்றார். பங்குசாமி என்றது அவர்களுடைய பாதிரியாரை.

எழுத வேண்டிய கோயில் இப்போது இல்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊரோடு அதுவும் போய்விட்டது. நான் கேட்டறிந்தது கொஞ்சம்தான். புதுச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டியது. செங்கல் சுவர், நாட்டு ஓடு. முன்னால் இரண்டு பனந்தூண்களுக்கு நடுவே ஒரு மணி. அது கப்பலில் வந்து, மாட்டு வண்டி ஏறி, முந்திரிக்காடுகளின் வழியாக ஊர் சேர்ந்ததாம். விளிம்பில் இருந்த எழுத்துகளைப் படிக்க ஊரில் ஆளில்லை. ஊரைக் காலி செய்த வாரத்தில் அந்த மணி காணாமல் போனது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். பாதிப் பேர் குறிஞ்சிப்பாடி ரோட்டோரம் குடியேறினார்கள், மீதிப் பேர் எதிர்த்திசையில். மணியை எடுத்தது நீங்கள்தான் என்று இரு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றது. நண்பர் ஒரு பக்கம், அவருடைய அக்கா வீட்டுக்காரர் மறு பக்கம். அக்கா வீட்டு வாசலை நண்பர் மிதித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஒரு மார்கழிக் காலையில், பழைய ஊர் இருந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று என்னை ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். பனியும் மின்நிலையத்து ஆவியும் ஒன்றாகக் கலந்து, சாலை பத்தடிக்கு ஒருமுறை புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டி உண்டான மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினார். மேலெல்லாம் தைல மரங்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. எதற்குள்ளோ நின்று கேட்பதுபோல, எங்கோ ஓடும் பெல்ட்டின் முனகல் மட்டும் வந்தது.

"ஊரு இங்க இல்லண்ணே. ஊரு இருந்த எடம் இப்ப பள்ளம். ஊரோட மண்ணு இங்க இருக்குது" என்றார்.

பிறகு நீர் சொட்டும் ஒரு மரத்தடியில் போய் நின்றார். மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "மணியை நாந்தாண்ணே எடுத்தேன்."

அவருடைய அப்பா அந்தக் கோயிலின் உபதேசியார், சாமியார் வராத நாளில் செபம் சொல்லிக்கொடுப்பவர். மணி எந்தப் பக்கம் போவது என்று பெரியவர்கள் அரிவாள் வரைக்கும் போயிருந்தார்கள். ஒருநாள் எல்லாரும் வீட்டுக் கூரைகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மீசை அரும்பும் வயதிலிருந்த நண்பர் மூச்சைப் பிடித்து மணியை இறக்கி, சாக்கில் வைத்து இழுத்துப்போய்க் கோயில் கிணற்றில் தள்ளிவிட்டார். மணி இல்லாவிட்டால் சண்டையும் இருக்காது என்று அந்த வயதில் தோன்றியதாம்.

"நெலத்துக்குப் பதிலா வேலை கெடச்சி பெல்ட்டுக்கு வந்தேன் பாருங்க. பெல்ட்டுல இரும்பு கிரும்பு வந்து, டிடெக்டர் அடிச்சி ஓட்டம் நின்னாப் போதும், மணி வந்துடுச்சி, அதுதான்னு ஓடுவேன். மண்ணு வெட்டுற மிஷினோட பல்லு கெடக்கும். இல்லன்னா கடப்பாரை."

எனக்கு அவர் ஓடியது நினைவில் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடுவார். வேலையில் அக்கறை என்று மேலதிகாரிகள் பாராட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா திருவிழாவுல அந்தப் பக்கத்த நானே படிக்கிறேன்."

இரண்டு குடியிருப்புக்கும் பொதுவான பங்குசாமி, இரண்டு பக்கத்தாரையும் திருவிழாவன்று ஒரே பந்தலுக்குக் கூப்பிட்டிருந்தார். பூசை முடிந்து வெயில் ஏறியபோது நண்பர் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். தாளை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். கிணறு என்ற இடம் வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, சேலையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் திரும்பி வரவேயில்லை. நண்பர் கடைசி வரி வரை படித்து முடித்தார்.

அக்கா வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து அருகே வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"மத்தியானமாடா அது?"

"ஆமா மாமா."

"நான் கூரை மேல ஓடு பிரிச்சிகினு இருந்தேன். மணி ஒரே ஒரு அடி அடிச்சிது. மத்தியான செபத்துக்குன்னு தலத்துண்ட எடுத்துட்டு சிலுவ போட்டுக்கினேன். அடுத்த அடி வரும் வரும்னு அங்கியே ஒக்காந்துகினு இருந்தேன். வரவேயில்ல."

"கெணத்துக் கல்லுல மோதிச்சி மாமா. அந்தச் சத்தம்தான்."

"அன்னைக்கு யார்ரா மணி அடிச்சதுன்னு நான் கேக்காத ஆளில்ல. யாருமே அடிக்கலன்னாங்க. என் காதுலதான் கோளாறுன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன்."

அவர் நண்பரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் இருந்தது, விழுந்த மணி வாய் மேலாக நின்றதா கவிழ்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நண்பர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது, அக்கா பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வூட்டுக்கு வந்துட்டுப் போடா" என்றார் தம்பியிடம்.

ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். நண்பர், அக்கா, அக்கா வீட்டுக்காரர் மூன்று பேரும் வெயிலில் தெருவோடு நடந்து போனார்கள்.