செத்தல் மிளகாய் நெடி

விளையாடிய காலத்தில் அண்ணா தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியதுண்டா என்று இன்று காலை டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். மத்தியானம் லவால் நகரில், என் குசினியில் செத்தல் மிளகாய் கருகி நெடி அடித்தபோதுதான் ஞாபகம் வந்தது. நான் சொன்னது பொய்.

அப்போது எனக்கு எட்டு வயது. பல்கலைக்கழக அணியில் அண்ணா ஹெல்மெட் போட்டு ஆடுகிற புட்போல் ஆடினார். பந்தை நெஞ்சோடு அணைத்து, மறிக்கிறவர்களை இடித்துக்கொண்டு ஓடுவதுதான் அவர் வேலை. ஒருநாள் ஆட்டம் முடிந்து வந்தவர் தன் தங்கச்சியான என்னைப் பார்த்து, "நீ ஆற்ற பிள்ளை?" என்றார். யாருடைய பிள்ளையென்று என்னிடமே கேட்கிறாரே, பகிடியென்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அவ்வளவு சனம் பாத்தால் கண்ணூறு படாதே?" என்று உப்பையும் செத்தல் மிளகாயையும் அவர் தலையைச் சுற்றிச் சட்டியில் போட்டுக் கருக்கினார். கண்ணூறு பட்டிருந்தால் நெடி வராதாம். அன்று வீடே இருமியது.

"நெடி அடிக்குது. அப்ப ஒண்டுமில்லை. அடுத்த கிழமையும் போய் விளையாடு, தம்பி," என்றார் அம்மா அண்ணாவிடம்.

போனார். நாலு வருடம் ஓடினார். பிறகு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றினார், போன மாதம் வேலைக்குப் போகும் வழி மறக்கும்வரை.

இப்போது மேசையடியில் இருந்த அண்ணாவும் இருமினார். என்னைப் பார்த்த முகத்தில் ஆறுதல் தெரிந்தது.

"நெடி அடிக்குது, அம்மா," என்றார் என்னிடம். "அப்ப ஒண்டுமில்லை."